தேஜ்சிங் தேசிங்கான வரலாறு

ஒரு பெயர் மற்றொரு மொழியுள் புகுவதற்கு இரு வழிகள் உண்டு. அரசவைப் புலவர் அதன் பொருளைப் பெயர்ப்பர். மக்கள் அதன் ஓசையைத் தம் நாவுக்கு இசைவித்துக் கொள்வர். விழுப்புரம், திண்டிவனம் வட்டார வரலாற்றில் இவ்விரண்டிற்கும் சான்று கிடைக்கிறது. இரண்டிலும் உறைவது 'சிம்ஹம்' என்ற ஒரே வடசொல் என்பது நோக்கத்தக்கது.

விழுப்புரத்திற்குத் தென்மேற்கே, சேந்தமங்கலத்தில் சோழப் பேரரசன் மூன்றாம் இராசராசனை 1231ஆம் ஆண்டளவில் சிறைவைத்தவன் காடவர்கோன் கோப்பெருஞ்சிங்கன். கோ, பெரும், சிங்கன் என்னும் மூன்று சொற்களின் புணர்ச்சி இப்பெயர். வடமொழிக் கல்வெட்டுகளில் இதுவே 'மகாராஜசிம்மன்' என நிற்கிறது. 'பெரு' மகா ஆயிற்று; 'கோ' ராஜன் ஆயிற்று. பொருள் பிழையாத பெயர்ப்பு. ஆயினும் அது கல்லில் நின்றதேயன்றி மக்கள் நாவில் நடமாடவில்லை.

ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் கழிந்தபின் அதே சிங்கம் வடக்கிலிருந்து மீண்டும் வந்தது. 1698இல் முகலாயர் செஞ்சிக் கோட்டையைக் கைப்பற்றிய பின்னர், புந்தேல இராசபுத்திரராகிய சுவரூப்சிங் அதன் தலைவரானார். அவர் மகன் தேஜ்சிங். தந்தை இறந்தபின் கோட்டையை ஏற்ற அவ்விளைஞன், கப்பப் பாக்கி குறித்து எழுந்த போரில் ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகானின் படையை எதிர்த்து 1714இல் களத்தில் வீழ்ந்தான்.

'தேஜஸ்' என்னும் ஒளியும் சிங்கமும் கூடிய பெயர் தேஜ்சிங். ஜகரமும் சகரமும் அடுத்தடுத்து நிற்றல் தமிழ் நாவுக்கு இயல்பன்று. எனவே இரண்டும் ஒன்றாயின. தமிழ்ச்சொல் வல்லின மெய்யில் முடியாது; எனவே ஈற்றில் குற்றியலுகரம் வந்து நின்றது. தேசிங்கு பிறந்தான். கதைப்பாடலில் அவன் தோழன் மகபத்கானும் மோவுத்துக்காரன் ஆனான்.

முகலாயர் செஞ்சிக்கு 'நுஸ்ரத்கட்' என்று புதுப்பெயர் சூட்டினர். அதிகாரம் இட்ட அப்பெயரை மக்கள் ஏற்கவில்லை. மாண்ட இளைஞனின் பெயரையோ, ஒருவரும் ஏவாமலே தமிழாக்கிப் பாடினர்; தம் பிள்ளைகளுக்கும் இட்டனர். ஆட்சி மிகச் சில மாதங்களே. பெயரோ முந்நூறு ஆண்டுகளைக் கடந்து வழங்குகிறது.

தேசிங்கு என்பது சிதைவு, தேஜ்சிங் என்றெழுதுவதே செம்மை என்பாரும் உளர். வரலாற்று நூலுக்கு அது பொருந்தலாம். ஆனால் மரூஉவை வழுவென ஒதுக்காது, இயல்பு வழக்கின் மூவகையுள் ஒன்றாக வைத்தது நன்னூல். மக்கள் ஓர் அயலானைத் தம்மவனாக ஏற்ற சான்று அவ்வுருமாற்றத்தில்தான் இருக்கிறது. அதைத் திருத்துவோமாயின் அச்சான்றை நாமே அழித்தவராவோம். பாவலர்கள் பாடுங்கால் தேசிங்கு என்றே பாடுக.