கரன்ட் போனால் அணு உலை என்னவாகும்? கல்பாக்கம் ஈனுலையும் புதிய வடிவமைப்புகளும்

வரதய்யபாளையத்திலிருந்து கல்பாக்கம் நேர்கோட்டில் சுமார் 120 கி.மீ. இந்தியாவில் அணுமின் நிலையத்தைச் சுற்றி அவசரகாலத் திட்டம் போடப்படுவது 16 கி.மீ. தொலைவுக்குத்தான். அப்படியென்றால் நமக்கென்ன என்று விட்டுவிட முடியாது. ஆந்திராவிலேயே ஸ்ரீகாகுளம் மாவட்டம் கொவ்வாடாவில் 6 உலைகள் திட்டமிடப்பட்டுள்ளன. 'புது டிசைன், பாதுகாப்பானது' என்று சொல்லும்போது அதற்கு என்ன அர்த்தம்?

உலையை நிறுத்தினால் ஆபத்து போய்விடுமா?

போகாது. உலை நிற்கும், வெப்பம் நிற்காது. எரிபொருளில் உருவான கதிரியக்கப் பொருட்கள் சிதைந்துகொண்டே இருக்கும். நிறுத்தியவுடன் முழு வெப்பத்தில் 6 முதல் 7% வரை மிஞ்சும். 1,250 மெகாவாட் வெப்பம் தரக்கூடிய கல்பாக்கம் முன்மாதிரி வேக ஈனுலையில் இது சுமார் 80 மெகாவாட். ஒரு மணி நேரத்தில் வெகுவாகக் குறைந்தாலும், அதன் பிறகும் நாள்கணக்கில் குளிர்வித்தே ஆக வேண்டும்.

2011ல் ஃபுகுஷிமாவில் நடந்தது இதுதான். நிலநடுக்கம் வந்ததும் ஓடிக்கொண்டிருந்த உலைகள் சரியாகவே நின்றன. பின்னால் வந்த சுனாமி டீசல் ஜெனரேட்டர்களை மூழ்கடித்தது. கரன்ட் இல்லை, பம்ப் ஓடவில்லை. 3 உலைகளில் எரிபொருள் உருகியது. 2004 சுனாமியில் கல்பாக்கத்திலும் கடல்நீர் பம்ப் அறைக்குள் வெள்ளம் புகுந்தது. ஆனால், இயங்கிக்கொண்டிருந்த உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது.

புதிய வடிவமைப்பில் என்ன மாற்றம்?

பம்பை நம்பாமல் இயற்கையை நம்புவது. சூடான திரவம் மேலே போகும், குளிர்ந்தது கீழே இறங்கும். கொவ்வாடாவுக்குப் பேசப்படும் ஏபி1000 உலை, வெளி மின்சாரமோ ஊழியர் தலையீடோ இல்லாமல் 72 மணி நேரம் தாக்குப்பிடிக்கும் வகையில் வடிவமைக்கப்பட்டது.

கல்பாக்கம் ஈனுலையில் தண்ணீருக்குப் பதில் திரவ சோடியம். தலா 8 மெகாவாட் திறனுள்ள 4 சுற்றுகள், பம்ப் இல்லாமலே வெப்பத்தை வெளிக்காற்றில் சேர்க்கும். ஆரம்பத்தில் வரும் கூடுதல் வெப்பத்தை 1,000 டன்னுக்கும் அதிகமான சோடியம் உள்வாங்கிக்கொள்ளும்.

அப்போ சோடியம் பாதுகாப்பானதா?

லாபமும் உண்டு, சிக்கலும் உண்டு. சாதாரண அழுத்தத்தில் 883 டிகிரி செல்சியஸில்தான் அது கொதிக்கும் என்பதால், தண்ணீர் உலைபோல உயர் அழுத்தம் தேவையில்லை. ஆனால் சூடான சோடியம் காற்று பட்டால் எரியும், தண்ணீர் பட்டால் கடுமையாக வினைபுரியும். ஜப்பானின் மொஞ்சு ஈனுலையில் 1995ல் சோடியம் கசிந்து தீப்பிடித்தது. கதிரியக்கம் வெளியேறவில்லை என்றாலும், 2016ல் அதை மூட முடிவெடுத்தார்கள். இன்னொன்று: ஏபி1000 போன்றவற்றில் தண்ணீர் ஆவியானால் அணுவினை தணியும். பெரிய ஈனுலையின் மையத்தில் சோடியம் ஆவியானால் அது கூடக்கூடும்.

நீங்கள் என்ன கேட்க வேண்டும்?

'புதுசா, பழசா' என்பதல்ல கேள்வி. கரன்ட் போனால் எத்தனை மணி நேரம் தாங்கும்? குளிர்விக்கும் பொருள் கசிந்தால் என்ன ஏற்பாடு? இதையெல்லாம் சோதிப்பவர் எவ்வளவு சுதந்திரமானவர்? அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்குப் போதிய சட்ட அதிகாரம் இல்லை என்று 2012லேயே சிஏஜி சுட்டிக்காட்டியது. நல்ல டிசைனோடு, தட்டிக்கேட்கும் கண்காணிப்பும் சேர்ந்ததுதான் பாதுகாப்பு.