இழப்பீட்டு உடன்படிக்கையில் கோலாலம்பூரின் பெயர்

மரபணு மாற்றப் பயிர் எதுவும் மலேசிய மண்ணில் வணிக நோக்கில் பயிரிடப்பட்டதில்லை. இருந்தும், அத்தகைய பயிர்களால் விளையும் கேட்டுக்கு யார் பொறுப்பேற்க வேண்டும் என்று வரையறுக்கும் பன்னாட்டு உடன்படிக்கை கோலாலம்பூரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆய்வகத்தில் மரபணுவை மாற்றி உருவாக்கப்படும் இப்பயிர்கள் இந்நாட்டுக்குள் வந்தது வயல் வழியாக அன்று, துறைமுகம் வழியாக. களைக்கொல்லியைத் தாங்கும் சோயா 1996-இல் அமெரிக்காவில் விதைப்புக்கு வந்தபின், அதன் விளைச்சல் பிற சோயாவுடன் கலந்தே கப்பலேறியது. தனக்கு வேண்டிய சோயாவில் ஏறக்குறைய முழுவதையும் இறக்குமதி செய்யும் நாட்டில், கோலாலம்பூரை அடுத்த அம்பாங்குக்குப் பேர் வாங்கித் தந்த யோங் தாவ் ஃபூவில், அதாவது மீன் விழுது அடைத்த தோஃபு, வெண்டைக்காய், மிளகாய் ஆகியவற்றைக் கொண்ட உணவில், தோஃபுக்கு அரைத்த சோயா எவ்வகை விதையினுடையது என்பதை உண்பவர் அறிய வழியில்லை.

இத்தகைய பயிர்கள் எல்லை கடப்பதை ஒழுங்குபடுத்தும் பேச்சு 1999-இல் கொலம்பியாவின் கார்த்தஹேனாவில் முறிந்தது. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, அர்ஜென்டினா, சிலி, உருகுவே ஆகிய தானிய ஏற்றுமதி நாடுகள் ஒரு பக்கமும், மலேசியா உள்ளிட்ட வளரும் நாடுகள் மறுபக்கமும் நின்றன. 2000 ஜனவரி 29-இல் மொன்றியலில் கார்த்தஹேனா நெறிமுறை ஏற்கப்பட்டபோதும், இழப்பீடு பற்றி உடன்பாடு எட்டாததால், அதைப் பின்னர் தீர்க்கலாம் என்று 27-ஆம் விதி தள்ளிவைத்தது. அதே ஆண்டு அமெரிக்காவில், கால்நடைத் தீவனத்துக்கு மட்டுமே அனுமதி பெற்ற ஸ்டார்லிங்க் சோளம் மனித உணவில் கலந்திருந்தது வெளிப்பட்டு, அக்கேள்வி வெறும் ஏட்டுக் கேள்வி அன்று என்பதை உலகுக்கு உணர்த்தியது.

2004 பிப்ரவரியில் நெறிமுறையின் முதல் உறுப்பு நாடுகள் கூட்டம் கோலாலம்பூரில் நடந்தபோது, இழப்பீட்டை ஆராயும் பணிக்குழு அமைக்கப்பட்டது. பினாங்கில் எஸ்.எம். முகம்மது இத்ரிஸ் 1984-இல் தொடங்கிய மூன்றாம் உலக வலையமைப்பும், மலேசியாவின் சார்பில் பேசிய சட்டப் பேராசிரியர் குர்டயால் சிங் நிஜாரும் கட்டாயச் சட்டப் பொறுப்பை வலியுறுத்தினர். தொழில்துறையின் பதில் 2008-இல் ஜெர்மனியின் பான் நகரக் கூட்டத்தில் வந்தது: மொன்சாண்டோ, பாயர், சின்ஜென்டா, பி.ஏ.எஸ்.எஃப்., டவ், டுபாண்ட் ஆகிய ஆறு நிறுவனங்கள், பல்லுயிர் வளத்துக்கு நேரும் சேதத்துக்குத் தாமே ஈடு தருவதாகவும், அதை நடுவர் மன்றம் தீர்மானிக்கும் என்றும் தன்னார்வ ஒப்பந்தம் ஒன்றை முன்வைத்தன. பொறுப்பை ஏற்கத் தயார் என்ற அந்த முன்மொழிவு, பொறுப்பின் எல்லையை நிறுவனங்களே வகுத்துக்கொள்ளும் வழியாகவும் இருந்தது.

2010-இல் பிப்ரவரியிலும் ஜூனிலும் கோலாலம்பூரில் கூடிய பேச்சுகளுக்குப் பின், அவ்வாண்டு அக்டோபர் 15-இல் ஜப்பானின் நகோயாவில், கார்த்தஹேனா நெறிமுறைக்கான நகோயா–கோலாலம்பூர் துணை நெறிமுறை ஏற்கப்பட்டது. 2018 மார்ச் 5-இல் அது நடைமுறைக்கு வந்தது. பல்லுயிர் வளத்துக்குச் சேதம் விளைந்தால் மரபணு மாற்ற உயிரினத்தைக் கையாளுபவரைச் சீர்செய்ய வைக்கும் அதிகாரத்தை அது அரசுக்கு அளித்தது. ஆனால் முன்கூட்டியே காப்பீடோ பிணைத்தொகையோ கேட்பதையும், உரிமையியல் வழக்கு விதிகளையும் உள்நாட்டுச் சட்டத்துக்கே விட்டுவிட்டது.

மலேசியாவிலோ அரசு இரு திசையில் நடந்தது. 2005-இல் உயிரித் தொழில்நுட்பத்தை வளர்ச்சித் துறையாக அறிவித்த தேசியக் கொள்கை வெளியானது. 2007-இல் உயிரியல் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறி, 2009 டிசம்பர் 1-இல் அமலானது. அறிவியல் உறுதி போதாமை நடவடிக்கைக்குத் தடையாகாது என்னும் முன்னெச்சரிக்கைக் கொள்கை அதில் இடம்பெற்றது. 2010-இன் உணவு விதித் திருத்தம் லேபிளைக் கட்டாயமாக்கினாலும், தற்செயலாகக் கலந்த 3 விழுக்காடு வரையிலான அளவுக்கும், சுத்திகரித்த எண்ணெய் போன்றவற்றுக்கும் விலக்களித்தது. பன்னாட்டு அரங்கில் பத்தாண்டு நீடித்த விவாதத்தின் கடினமான பாதியைத் துணை நெறிமுறை ஒவ்வொரு நாட்டின் நாடாளுமன்றத்துக்கே திருப்பி அனுப்பியதால், பயனீட்டாளர் இயக்கங்களும் நிறுவனங்களும் இனி மோத வேண்டிய களமும் அதுவே ஆயிற்று.