மடங்கும் முட்டி: சேலம், நாமக்கல் சமவெளியில் மூட்டு மாற்று அறுவையின் காலவரிசை

முழங்கால் மூட்டு மாற்று அறுவை எளியோர் கைக்கு எட்டியது எப்போது என்ற கேள்விக்கு, 2017 ஆகஸ்ட் 16 என்ற தேதியே வழக்கமான விடை. அன்றுதான் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் செயற்கை முழங்கால் மூட்டுக்கு விலை உச்சவரம்பு விதித்தது. அதை அறிவித்த மத்திய அமைச்சர் அனந்தகுமார், நோயாளிகளுக்கு ஆண்டுக்குச் சுமார் 1,500 கோடி ரூபாய் மிச்சமாகும் என்றார். விலைதான் தடை, அது இறங்கியதும் வழி திறந்தது என்பது அவருடைய வாசிப்பு. சேலம், நாமக்கல் சமவெளிக்கு அது பொருந்தவில்லை.

அவர் பக்க நியாயம் சிறிதல்ல. கோபால்ட் குரோமியம் மூட்டின் சராசரி விலை 1,58,324 ரூபாயிலிருந்து 54,720 ரூபாயாக இறங்கியது. ஒற்றை லாரியை ஓட்டிப் பிழைப்பவர், சிறு கோழிப்பண்ணைக்காரர் எனக் காப்பீட்டு வருமான வரம்பைச் சற்றே தாண்டிய குடும்பங்களுக்கு இது மெய்யான ஆறுதல். ஆனால் உச்சவரம்பு மூட்டுக்கு மட்டுமே. அறை வாடகை, தியேட்டர் கட்டணம், மயக்க மருந்து, பிசியோ எதையும் அது தொடவில்லை. ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு உட்பட்டவர்களுக்கோ 2012 ஜனவரி 11 அன்று தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலேயே வழி பிறந்துவிட்டது. தறிக்காரரும் பட்டறைத் தொழிலாளியும் மூட்டின் விலையைக் கையிலிருந்து எண்ணிக் கொடுக்காத நிலையில், விலை இறங்கிய நாளை அவர்களுடைய வரலாற்றின் தொடக்கமாகக் கொள்வது எப்படி?

அமைச்சரின் வாசிப்புக்கு மறுப்பு அதே அறிவிக்கையின் அட்டவணையில் கிடக்கிறது. அது மூட்டை உறுப்பு உறுப்பாகப் பிரித்து விலையிடுகிறது: தொடை எலும்பில் பொருத்தும் பகுதி 24,090, கீழ்க்கால் எலும்பின் தட்டு 16,990, இடையில் வைக்கும் பாலித்தீன் 9,550, முட்டிச்சில்லு 4,090. கூட்டினால் அந்த 54,720 வருகிறது. இதற்குப் பக்கத்தில், கூடுதலாக மடங்கும் வகைக்குத் தனி வரி உண்டு. அதன் தொடைப் பகுதி 25,860, மற்றவை மாறவில்லை. வேறுபாடு 1,770 ரூபாய். அறிவிக்கையைப் பற்றி எழுதியவர்கள் மொத்தத் தொகையோடு நின்றுவிட்டார்கள். என் வாதம் இந்த வரியில்தான் தொடங்குகிறது. தரையில் அமர்ந்து வாழும் ஆசிய, மேற்காசிய மக்களை மனதில் வைத்து உருவான வடிவம் இது. "டாக்டர், கீழ உக்காரலாமுங்களா?" என்று நோயாளிகள் கேட்கும் கேள்வி அரசிதழில் ஏறிய இடமாக இந்த வரியைக் காண்கிறேன்.

நிறுவனங்களின் சரக்குப் பட்டியலைத்தான் ஆணையம் படியெடுத்தது, நோயாளிக்கு அதில் பங்கில்லை என மறுக்கலாம். அந்தச் சரக்கு பிறந்ததே அவருடைய தேவையிலிருந்துதான் என்பேன். செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையில் சம்மணமிட்டே வேலை. கிழங்கு உரிக்கும் சேகோ ஆலைப் பெண்களுக்குக் குத்தவைத்தே பகல் போகிறது. இவர்களுக்கு மடங்காத முட்டி என்பது போன வேலை. ஆயினும் அந்த வடிவம் சாதாரண மூட்டைவிடக் கூடுதலாக மடங்குகிறது என்பதை ஒப்பாய்வுகள் உறுதிசெய்யவில்லை. பெரும்பாலும் அறுவைக்கு முன்பு எவ்வளவு மடங்கியதோ, அதையொட்டியே பின்பும் மடங்குகிறது. ஆகவே அந்த 1,770 ரூபாய் மடங்குதலுக்கு உத்தரவாதம் தரவில்லை.

மடங்குதல் வருவது பயிற்சியால். மறுநாளே வாக்கர் பிடித்து நிற்க வைக்கிறார்கள். தையல் பிரிக்க ஏறத்தாழ இரண்டு வாரம். முதல் இலக்கு 90 பாகை. வலி தாங்காத இரவுகளில் வீட்டார் பரிவோடு முட்டிக்கடியில் தலையணை வைப்பார்கள்; பிசியோ வந்ததும் முதலில் அதைத்தான் உருவி எடுப்பார், கால் நேராக நீளாமல் போய்விடும் என்பதற்காக. குதிகாலுக்கடியில் துண்டைச் சுருட்டி வைத்து, முட்டியைப் படுக்கையை நோக்கி அழுத்தச் சொல்வார். இதை நாளுக்குப் பலமுறை, வாரக்கணக்கில் செய்ய வைக்க வீட்டில் ஒருவர் கூலியை விட்டு உட்கார வேண்டும். கழிப்பறைக்குக் கமோடு நாற்காலியும் வேண்டும். இந்தச் செலவுக்கு அட்டவணையில் வரியில்லை.

எனவே மீட்சியின் வரலாற்றுக்கு நான் முன்வைக்கும் தேதி 2021 ஆகஸ்ட் 5. மக்களைத் தேடி மருத்துவம் அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. பழைய சேலம் மாவட்டத்துக்குள் இருந்த நிலம் அது. இயன்முறைப் பயிற்சி வீட்டு வாசலுக்கு வருவது அத்திட்டத்தின் ஒரு பகுதி. மூட்டு மாற்று நோயாளிகளுக்கென்றே அது வகுக்கப்படவில்லை என்பதால் இந்தத் தேதியையும் தற்காலிகமாகவே வைக்கிறேன்.

இடுப்பு மூட்டு இக்காலவரிசைக்குள் அடங்காது. 2017 உச்சவரம்பு முழங்காலுக்கு மட்டுமே உரியது. ரத்த ஓட்டம் நின்று தொடை எலும்பின் தலை சிதைந்து இந்த அறுவைக்கு வருபவர்களில் உழைக்கும் வயது ஆண்கள் பலர். அவர்களுக்கு 2012 காப்பீட்டிலிருந்து தொடங்கும் தனி வரிசை வேண்டும். விலை வாசிப்பு அங்கே தொடக்கத்திலேயே பயன்படாது.