சுற்றுலாவை ஊர் மக்களே டிசைன் பண்ணினால் எப்படி இருக்கும்? குமரகத்தில் நடந்தது என்ன? | விளக்கம்

கேரளாவின் கோட்டயத்திலிருந்து சுமார் 15 கி.மீ. தூரத்தில், வேம்பநாட்டுக் காயலை ஒட்டி இருக்கும் ஊர் குமரகம். 2000-ம் ஆண்டு இறுதியில் அப்போதைய பிரதமர் வாஜ்பாய் ஓய்வெடுக்க வந்து தங்கிய பிறகு, ஊர் பெயர் நாடு முழுக்கத் தெரிந்துவிட்டது. காயல் ஓரம் ரிசார்ட்டுகள் வளர்ந்தன, படகு வீடுகள் பெருகின. ஆனால் ரிசார்ட் கிச்சனுக்குத் தேவையான காய்கறி வெளியூரிலிருந்துதான் வந்து இறங்கியது. உள்ளூர்க்காரருக்கு மிஞ்சியது, படகு விட்டுச்செல்லும் கழிவும் காயலுக்குப் போக முடியாதபடி அடைபட்ட பாதையும்தான். சுற்றுலா மீதே எதிர்ப்பு கிளம்பியது.

அதே குமரகம்தான் 2014 ஜனவரியில் ஐ.நா. உலக சுற்றுலா அமைப்பின் விருதை கேரளாவுக்கு வாங்கித் தந்தது. நடுவில் என்ன நடந்தது?

எதிரெதிராக நின்றவர்களை ஒன்றாக உட்கார வைத்தார்கள். கேட்க சிம்பிளாக இருக்கும். ஆனால் எப்படி உட்கார வைப்பது என்பதில்தான் விஷயமே இருக்கு.

எப்படி ஆரம்பித்தது?

கேரள சுற்றுலாத்துறை 2007-ல் 'பொறுப்புச் சுற்றுலா' குறித்து ஆலோசனையைத் தொடங்கி, கோவளம், குமரகம், தேக்கடி, வயநாடு என நான்கு இடங்களைத் தேர்வு செய்தது. நான்கும் ஒரே வேகத்தில் போகவில்லை. முன்னுக்கு வந்தது குமரகம்தான்.

அங்கே பஞ்சாயத்து, குடும்பஸ்ரீ பெண்கள் குழுக்கள், ரிசார்ட் நிர்வாகங்கள் எல்லோரும் பேச்சுக்கு வந்தார்கள். பேசியதும் கொள்கை, கோட்பாடு அல்ல. வெண்டைக்காய், தேங்காய், மீன்! ரிசார்ட்டுக்கு எது தேவை, ஊரில் எது விளையும், கிலோ என்ன விலை என்பதுதான் பேச்சு.

ரிசார்ட் தரப்பின் கவலை தரமும் நேரமும். விளைவிப்பவரின் கவலை விலை. இரண்டையும் ஒரே சண்டையாகப் போட்டால் கூட்டம் அன்றைக்கே கலைந்துவிடும். அதனால் விலை நிர்ணயிக்க ஒரு கமிட்டி, தரம் பார்க்க ஒரு கமிட்டி என்று பிரித்தார்கள். காய்கறியைச் சேகரித்து ரிசார்ட்டுகளுக்குக் கொடுக்க 'சம்ருத்தி' என்ற கடையும் வந்தது. இதற்காகவே பெண்கள் குழுக்கள் தரிசாகக் கிடந்த நிலத்தில் விவசாயம் பார்த்தன.

கயிறு திரிப்பது, ஓலை முடைவது, வலை வீசுவது என்று ஊரின் அன்றாட வேலைகளைக் காட்டும் 'கிராம வாழ்க்கை அனுபவம்' என்ற சுற்றுலாவும் பிறகு சேர்ந்துகொண்டது.

அப்போ ஒர்க்‌ஷாப் எப்படி நடத்தணும்?

நம்ம ஊரில் ஒர்க்‌ஷாப் என்றாலே ஏசி ஹால், பேனர், பொன்னாடை, மதியம் பிரியாணி. அந்த மாதிரி கூட்டத்தில் படகோட்டி கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு எழுந்து போய்விடுவார். வந்ததால் அன்றைய கூலியும் போச்சு. எனவே முதல் கேள்வியே நாளும் இடமும்தான். சீசன் இல்லாத மாதம், வேலை முடிந்த நேரம், ஊருக்குள்ளேயே ஒரு பள்ளிக்கூடம் அல்லது சமுதாயக் கூடம். கூலி போகிறதென்றால் அதை ஈடுகட்டப் பட்ஜெட்டில் பணம் ஒதுக்க வேண்டும்.

அடுத்தது, எடுத்தவுடனே எல்லோரையும் ஒன்றாக உட்கார வைக்கக் கூடாது. முதலாளி முன்னால் அவரிடம் வேலை பார்ப்பவர் வாய் திறக்க மாட்டார். பெண்கள், மீனவர், கடைக்காரர், ரிசார்ட் தரப்பு என்று தனித்தனியாகப் பேசிவிட்டு, அதன் பிறகு பொதுக்கூட்டம் வைப்பதுதான் நல்லது.

ஊர் வரைபடத்தைத் தரையில் பெரிதாக வரைந்து, பயணிகள் வரலாம் என்ற இடம், வரவே கூடாத இடம் இரண்டையும் மக்களையே குறிக்கச் சொல்லலாம். குளிக்கும் துறை, சாமி இடம், மீன் குஞ்சு பொரிக்கும் பகுதி எல்லாம் அப்போதுதான் வெளியே வரும். 'என்ன காட்டலாம்' என்று கேட்பதற்கு முன்னால் 'எதைக் காட்ட மாட்டோம்' என்று கேட்டால் பாதிப் பிரச்னை அங்கேயே தீர்ந்துவிடும்.

பணக் கணக்கையும் கூட்டத்திலேயே போட வேண்டும். பயணி கொடுக்கும் 1,000 ரூபாயில் படகுக்கு எவ்வளவு, சமைத்தவருக்கு எவ்வளவு, ஏஜென்ட்டுக்கு எவ்வளவு? இதை எல்லோரும் பார்க்க கரும்பலகையில் எழுதணும். பெரும்பாலான ஒர்க்‌ஷாப்கள் நழுவுவது இந்த இடத்தில்தான்.

கிராம சபையிலேயே சுற்றுலா

2017-ல் கேரள அரசு பொறுப்புச் சுற்றுலா மிஷனை அமைத்தது. அதன் 'பெப்பர்' திட்டம் வைக்கம் பகுதியில் தொடங்கியபோது, சுற்றுலாவுக்கென்றே சிறப்பு கிராம சபைகள் கூட்டப்பட்டன. எங்கள் ஊரில் எதைச் சுற்றுலாவாக்கலாம் என்று மக்களே சொன்னார்கள். வைக்கம் பக்கத்தில் உள்ள மறவன்துருத்தில் மக்கள் சேர்ந்து கால்வாய்களைச் சுத்தம் செய்து, கயாக்கும் நாட்டுப் படகும் போகும் 'நீர்த் தெரு'வாக மாற்றினார்கள். 2022-ல் லண்டன் உலகப் பயணச் சந்தையின் விருது இதற்குக் கிடைத்தது.

திருடியவரே வழிகாட்டி

தேனி மாவட்டத்துக்காரர்களுக்குப் பக்கத்து ஊரான தேக்கடியில், 1990-களின் இறுதியிலேயே இதைவிடக் கஷ்டமான பேச்சுவார்த்தை நடந்தது. பெரியார் புலிகள் காப்பகத்தில் வயணா மரப்பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றவர்களோடு வனத்துறையே உட்கார்ந்து பேசியது. காட்டின் ஒவ்வொரு தடமும் தெரிந்த அவர்கள், பயணிகளைக் காட்டுக்குள் அழைத்துப் போய் முகாமிட வைக்கும் வழிகாட்டிகள் ஆனார்கள். கூடவே காட்டைக் கண்காணிக்கும் வேலையும் அவர்களுடையது. பழைய வழக்குகளை என்ன செய்வது என்று பேசாமல் இந்தப் பேச்சு ஒரு அடிகூட நகர்ந்திருக்காது.

இன்னொரு முக்கியமான விஷயம், ஒத்திகை. முடிவு செய்த சுற்றுலாவை விற்பதற்கு முன்னால், வெளியாட்கள் நாலைந்து பேரை அழைத்து ஒருமுறை நடத்திப் பார்க்க வேண்டும். கழிப்பறை இல்லை, வெயிலில் ஒதுங்க நிழல் இல்லை, சாப்பாடு ஒரு மணி நேரம் லேட் என்பதெல்லாம் அன்றைக்குத்தான் தெரியும். அதைச் சரிசெய்ய அதே ஆட்கள் மறுபடி கூட வேண்டும். அந்த இரண்டாவது கூட்டத்தின் தேதியை, முதல் கூட்டம் கலைவதற்கு முன்னாலேயே குறித்துவிடணும்.