அரங்கேற்றத்துக்கு முந்திய இரவுகள்



மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும் மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் சொல்வது நம்மவர் வழக்கம். ஞாயிறு எழுகின்ற கரை ஒன்று, அது படுகின்ற கரை மற்றொன்று. ஞாயிறு பட்ட பிறகு சில காலங்களில் படுவான்கரையிலிருந்து நீரைக் கடந்து மத்தள ஒலி வரும். அதைக் கேட்டதும் எழுவான்கரைத் திண்ணையில் இருக்கும் முதியவர், "இண்டைக்கும் பழகுறாங்க" என்பார். ஆடுகிறார்கள் என்று சொல்லமாட்டார், பழகுகிறார்கள் என்றே சொல்வார். இவ்விரு சொற்களுக்கும் இடையே கிடக்கின்ற மாதங்களைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

நமது கூத்தின் வரலாற்றை நாம் பெரும்பாலும் அரங்கேற்றங்களின் வரலாறாகவே எழுதி வந்திருக்கிறோம். எந்த ஊரில், எந்த அண்ணாவியார், எந்தக் கூத்தை மேடையேற்றினார் என்று குறித்து வைக்கிறோம். அது வேண்டியதுதான். ஆனால் ஒரு கூத்துக்கு அரங்கேற்றம் ஓர் இரவு, அதற்கு முந்திய இரவுகளோ பல. அந்த இரவுகளிலெல்லாம் ஊரார் வந்திருந்து, இளம் ஆட்டக்காரன் ஒருவன் நேற்றைக்கும் இன்றைக்கும் இடையில் எவ்வளவு தேறினான் என்று கணக்குப் பார்த்தனர். அது ஏட்டில் ஏறாத கணக்கு. கூத்தை இந்நாள்வரை காத்தது அந்தக் கணக்கே என்பது என் துணிபு.

கூத்தாடுவதென்று ஓர் ஊர் முடிவு செய்தால் முதலில் அண்ணாவியாரை அழைத்துப் பேசுவர். வடமோடியா தென்மோடியா என்பது தீர்மானமாகும். வடமோடியில் பாரத, இராமாயணப் போர்க்கதைகள் மிகுதி. தென்மோடியில் அலங்காரரூபன் போன்ற கற்பனைக் கதைகள் இடம்பெறும். கதை முடிவானதும் ஆட்களைத் தெரிவர். உடற்கட்டு, குரல், தாளத்தைப் பிடிக்கும் காது ஆகிய மூன்றையும் அண்ணாவியார் நோட்டமிடுவார். பின்னர் நல்ல நாள் பார்த்து, அவரவர் பாடிப் பேச வேண்டிய பகுதியை அவரவர் கையில் கொடுப்பர். இதனைச் 'சட்டம் கொடுத்தல்' என்பர்.

அன்று தொடங்கி இரவுகள் நகரும். முதலில் தாளக்கட்டு, பிறகு ஆட்டம், பிறகு பாட்டு. கால் ஓரளவு பண்பட்ட பின் சதங்கை அணிதல் ஒரு சிறு விழாவாக நடைபெறும். அதன்பின் கிழமைக்கு ஒருமுறை, உடுப்பில்லாமல் சதங்கையோடு ஆடிக் காட்டும் கிழமைக்கூத்து. கடைசியாக, கூத்து முழுவதையும் முதலிலிருந்து முடிவுவரை ஆடிச் சரிபார்க்கும் அடுக்குப் பார்த்தல். இத்தனை படிகளையும் கடந்த பிறகே வட்டக்களரியில் கரப்புடுப்பும் கெருடமும் ஒளிவீச, விடியும்வரை அரங்கேற்றம். மறுநாள் ஆட்டக்காரர் வீட்டுக்கு வீடு சென்று ஆடுவதும் உண்டு.

இந்தப் படிகளுக்கெல்லாம் பார்வையாளர் இருந்தனர் என்பதை மறந்துவிடக் கூடாது. வயலில் பகலெல்லாம் நின்றவர்கள் இராச்சோறு தின்றுவிட்டுப் பாயும் கையுமாக வருவர். முன்பு அதே கூத்தை ஆடியவர்கள் ஒரு பக்கம், ஆட்டக்காரரின் தாய்மாரும் பாட்டிமாரும் ஒரு பக்கம், தூங்கி விழும் சிறுவர்கள் நடுவில். தருமன் வரவில் கால் பிந்துகிறது, வீமனுக்குக் குரல் போதாது, துரோபதைக்கு ஆடும் பையன் மூன்று நாளில் முன்னேறிவிட்டான் என்று பேச்சு நடக்கும். அடுத்த நாள் காலையில் வாய்க்கால் வரம்பிலும் கிணற்றடியிலும் அதே பேச்சுத் தொடரும். பழகுகிறவன் காதில் அது விழும். அன்றிரவு அவன் கால் சற்று விழிப்போடு விழும்.

சிலப்பதிகாரம் படித்தவர்களுக்கு அரங்கேற்று காதை நினைவுக்கு வரலாம். மாதவி ஐந்து வயதில் பயிலத் தொடங்கி, ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் வயதில் சோழன் அவையில் ஆடினாள். ஆடலாசான் முதல் யாழாசிரியன்வரை ஒவ்வொருவருடைய இலக்கணத்தையும் அரங்கின் அளவுகளையும் இளங்கோவடிகள் நுணுக்கமாகக் கூறுகிறார். காரைதீவு தந்த சுவாமி விபுலாநந்தர் அந்தக் காதையின் யாழ்ச்செய்திகளிலிருந்தே தமது யாழ்நூலை எழுப்பினார்; அது 1947இல் வெளிவந்தது. ஆயினும் அந்த ஏழாண்டுகளில் மாதவி தடுமாறிய நாள்களை யார் பார்த்தார் என்பதைக் காப்பியம் சொல்லவில்லை. ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பெற்ற நாளைத்தான் சொல்கிறது. அரசவைக் கலைக்கும் ஊர்க்கலைக்கும் உள்ள வேறுபாடு இதுதான் போலும். ஊர்க்கலையில் தடுமாற்றமும் ஊரின் சொத்து.

இது நமக்கு மட்டும் உரிய வழக்கமா? இல்லை. கடல் கடந்த ஒரு நாட்டில், கூத்தோடு எவ்வகையிலும் சம்பந்தமில்லாத ஒரு விளையாட்டில், இதே பழக்கத்தைக் காணலாம். ஐக்கிய அமெரிக்காவின் பேஸ்போல் விளையாட்டில் பெருநகரக் குழுக்களுக்குக் கீழே 'மைனர் லீக்' எனப்படும் சிற்றூர்க் குழுக்கள் பல உள்ளன. செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் குழுவை நடத்திய பிராஞ்ச் ரிக்கி என்பவர் 1920களில் இத்தகைய சிறு குழுக்களைத் தமது குழுவோடு இணைத்து, இளைஞரைப் படிப்படியாக வளர்த்தெடுக்கும் ஏற்பாட்டைச் செய்தார். அதற்கு அங்கு வழங்கும் பெயர் 'பண்ணை'. வேளாண்மை செய்யும் நமக்கு அந்தப் பெயரை விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. மின்விளக்கொளியில் இரவு ஆட்டம் நடத்தும் முறை இந்தச் சிறு குழுக்களில் 1930இலேயே வந்துவிட்டது. பெருங்குழுக்களுக்கு அது வந்தது 1935இல். பகலில் வேலைக்குப் போகும் மக்கள் இரவில்தான் வரமுடியும் என்பதைச் சிற்றூர்களே முதலில் உணர்ந்தன. ஒவ்வோர் ஆட்டக்காரரும் அன்று என்ன செய்தார் என்பதைச் சிறு கட்டத்துக்குள் எண்களாக அச்சிடும் முறையை 19ஆம் நூற்றாண்டிலேயே ஹென்றி சட்விக் என்ற பத்திரிகையாளர் வளர்த்துவைத்திருந்தார். மறுநாள் பத்திரிகையில் அந்தக் கட்டத்தைத் தேடி, இன்னும் பெயர் பெறாத இளைஞன் ஒருவனின் முன்னேற்றத்தை இரவுக்கு இரவு பின்தொடர்வது அங்கு ஒரு பெரும் இன்பம். நம் கிணற்றடிப் பேச்சை அவர்கள் எண்களால் பேசினார்கள், அவ்வளவுதான்.

அப்படிப் பின்தொடர்ந்தவர்கள் எதைக் கண்டார்கள்? ஓர் உதாரணம். 1940ஆம் ஆண்டு புளோரிடாவின் டேட்டோனா பீச் சிற்றூர்க் குழுவில் ஸ்ரான் மியூசியல் என்ற இளைஞர் பந்தெறிபவராக இருந்தார். 18 ஆட்டங்களை வென்று கொடுத்தார். அந்த ஆண்டிலேயே பந்தைப் பிடிக்கப் பாய்ந்தபோது தோளில் பலத்த காயம். பந்தெறியும் வாழ்வு அதோடு முடிந்தது. ஆனால் அதே பருவத்தில் அவருடைய மட்டையடி விகிதம் ஆயிரத்துக்கு 311. அவ்விரவுகளில் வந்திருந்தவர்கள் எறிபவருக்குள் ஒளிந்திருந்த அடிப்பவரைக் கண்டிருப்பார்கள். மறு ஆண்டே அவர் பெருங்குழுவில் அடிப்பவராக நுழைந்தார். பின்னாளில் 3,630 வெற்றியடிகளோடு அந்த விளையாட்டின் பெருமக்களுள் ஒருவரானார்.

நமது களரியிலும் இது நடப்பதுண்டு. பெண்பாத்திரத்துக்குச் சட்டம் வாங்கிய பையனுக்கு நடுவழியில் மகரக்கட்டு விழும், குரல் உடையும். அவனை விலக்கிவிடாமல், "காலைப் பாருங்க, அது வீரனுக்குரிய கால்" என்று சொல்லக்கூடிய ஒரு கிழவர் பாயில் இருந்தால், அவன் வேறொரு பாத்திரத்தில் உயிர் பெறுவான். அந்தக் கிழவர் இல்லாத ஊரில் அவன் வீட்டுக்குப் போய்விடுவான்.

இனி நமது அண்மைக்கால வரலாற்றுக்கு வருவோம். 1956இல் எதிரிவீர சரச்சந்திர 'மனமே' நாடகத்தின் மூலம் சிங்கள மரபுக்குப் புதுவாழ்வு கொடுத்தார். தமிழ்ப்பக்கத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் ஊரூராகச் சென்று அண்ணாவிமாரைச் சந்தித்தார், கூத்துகளைப் பார்த்தார், அலங்காரரூபனை 1962இல் பதிப்பித்தார். பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு 1962இல் கர்ணன் போர், 1963இல் நொண்டி நாடகம், பின்னர் இராவணேசன், வாலி வதை என்று மேடையேற்றினார். வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார் போன்ற மரபுக் கலைஞர் மாணவருக்கு ஆட்டம் பழக்கினர். இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு பின்னாளில் பேராசிரியராகி, 1998இல் வெளிவந்த 'மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள்' என்ற நூலைத் தந்தார். இவையெல்லாம் பெரும் தொண்டுகள். கற்றோர் அவையில் கூத்துக்கு ஒரு மதிப்பு இவற்றால் கிடைத்தது.

எனினும் விடியும்வரை ஆடிய கூத்து படச்சட்ட மேடையில் ஓரிரு மணி நேரத்துள் அடங்கியபோது, பார்ப்பவரின் நிலையும் மாறியது. அவர் சீட்டு வாங்கி, நாற்காலியில் அமர்ந்து, முடிந்த பொருளைக் காண்கிறார். பழகிய இரவுகள் அவருக்குத் தெரியா. குறையைக் காணத் தெரிந்தவர் அவருள் இருக்கலாம், வளர்ச்சியைக் கண்டவர் இல்லை. சுருக்கியவரை நான் குற்றம் சொல்லவில்லை. நகர மேடைக்கு அது தேவை. கிராமத்தில் பாய் விரித்த பார்வையாளர் நிலைத்திருந்தவரை அதனால் பெருந்தீங்கும் நேரவில்லை.

அந்தப் பாயைச் சுருட்டியது போர்.

1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபோது நான் பள்ளிச் சிறுவன். அந்த ஆண்டுகளில் மாலையானதும் படலை சாத்தப்படும், விளக்கு தாழ்த்தப்படும். இருட்டில் நாய் குரைத்தால் வீடு முழுவதும் மூச்சடக்கும். வாவியின் இரு கரைகளும் இரு வேறு உலகங்களாயின. கூத்து முற்றாக நின்றுவிட்டது என்று சொல்லமாட்டேன். வாய்த்தபோதெல்லாம் ஆடிய ஊர்கள் உண்டு. ஆனால் மாதக்கணக்கில் ஓர் ஊர் இரவில் கூடியிருக்க வேண்டுமானால், அந்த ஊருக்கு இரவு சொந்தமாக இருக்கவேண்டும். எங்களுக்கு இரவு சொந்தமாக இருக்கவில்லை. எங்கள் தலைமுறை கூத்தைத் தாய்மாமன்மாரின் வாயிலிருந்தே கேட்டது. என் மாமா ஒருவர், தம் இளமையில் பார்த்த ஒரு கூத்தின் அரங்கேற்றத்தை ஒரு வசனத்தில் முடித்துவிடுவார். அதில் ஆடியவன் ஒருவன் பழகிய நாளில் எத்தனை முறை தாளம் தவறினான் என்பதை ஒரு மணி நேரம் சொல்வார்!

2002இன் போர்நிறுத்தத்தின் பின் இரவுகள் சற்றுத் திறந்தன. அக்காலத்தில் சீலாமுனையில் சி. ஜெயசங்கர் முதலியோர் ஊராரோடு சேர்ந்து கூத்து மீளுருவாக்கத்தில் ஈடுபட்டனர். ஊரிலிருந்து மேடைக்குக் கூத்தைக் கொண்டுபோவதற்குப் பதிலாக, ஊருக்குள்ளேயே ஊராரின் விவாதத்தோடு அதனை வளர்ப்பது அவர்கள் நோக்கம். மண்முனைத்துறையில் 2014இல் பாலம் திறக்கப்பட்டது. 'பாதை'க்குக் காத்திராமலே இன்று மறுகரைக்குப் போகலாம். ஆட இளைஞர் வருகின்றனர். அண்ணாவிமார் இருக்கின்றனர். ஒளிப்பதிவுகளும் பெருகிவிட்டன. குறைந்தவர்கள் இரவுக்கு இரவு வந்து பார்ப்பவர்களே. அமெரிக்காவிலும் 1949இல் ஏறத்தாழ 4 கோடிப் பேர் பார்த்த அந்தச் சிற்றூர் ஆட்டங்கள், தொலைக்காட்சி வீட்டுக்குள் வந்தபின் கூட்டமிழந்து மெலிந்தன. அவற்றுட் பல ஊர்கள் 2021இல் பெருங்குழுக்களோடு எஞ்சியிருந்த இணைப்பையும் இழந்தன. கையிலுள்ள திரை சிறந்த ஆட்டக்காரரையே எந்நேரமும் காட்டும்போது, பழகுகிறவனைப் பார்க்க எவர் எழுந்து போவார்?

சில காலத்துக்கு முன் என் வகுப்பில் ஒரு மாணவன் தொடர்ந்து தூங்கி விழுந்தான். காரணம் கேட்டும் சொல்லவில்லை. வீட்டாரை அழைத்துவரச் சொன்னேன். பாட்டி வந்தார். நான் கடிந்துகொள்ளத் தொடங்குமுன் அவர் சொன்னார்: "கோவிக்காதீங்க சேர். புள்ளை கூத்துப் பழகுறான். அபிமன்யுக்குச் சட்டம் வாங்கினவன். நேத்துச் சுத்தி வரக்குள்ள தாளத்தை விட்டுட்டான். இண்டைக்கு விடமாட்டான், வந்து பாருங்களன்."

தமிழ் கற்பிக்கிறேன் என்று இருபது ஆண்டுகளாகச் சொல்லிக்கொள்பவன் நான். கூத்தைப் பற்றிப் பரீட்சை வினாக்கள் அமைத்திருக்கிறேன். பழகும் களரிக்கு அதுவரை ஒருநாளும் போனதில்லை. அன்றிரவு போனேன். பார்க்க வந்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். பையன் அதே இடத்தில் மீண்டும் தாளத்தை விட்டான். அண்ணாவியார் மத்தளத்தை நிறுத்தினார். பாட்டியின் உதடுகள் அந்தத் தாளத்தை ஒலியில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தன. அவன் அவரைப் பார்த்தான், திரும்பவும் தொடங்கினான்.

மறுநாள் இரவும் போனேன். அவன் தேறிவிட்டானா என்று அறியாமல் எனக்கு உறக்கம் வராதென்று தோன்றியது. அந்த ஆவலுக்கு ஆராய்ச்சி நூல்கள் பெயர் வைத்ததாகத் தெரியவில்லை. கூத்து அதில்தான் உயிர் தரித்திருக்கிறது.

நேயர்களே, அடுத்தமுறை வாவிக்கு அப்பாலிருந்து மத்தளம் கேட்டால், அரங்கேற்றம் எப்போது என்று விசாரிக்காதீர்கள். அன்றிரவே ஒரு பாயை எடுத்துக்கொண்டு போங்கள்.