ராணுவம் கைவிட்ட புல்

வில்லியம் ஷாட்னரை ஞாபகமிருக்கிறதா? ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரில் கேப்டன் கிர்க்காக வந்து விண்வெளியை வலம் வந்தாரே, அவரேதான். 1987ல் அவர் ஒரு குட்டிப் படத்துக்குக் குரல் கொடுத்தார். வேற்றுக்கிரகவாசி யாரும் கிடையாது. படத்தின் ஹீரோ ஒரு சாஃப்ட்வேர். அதைப் பெற்றெடுத்ததோ அமெரிக்க ராணுவம்!

சாஃப்ட்வேரின் பெயர் கிராஸ். ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தால் புல் என்று அர்த்தம். ‘ஜியோகிராஃபிக் ரிசோர்சஸ்’ என்று ஆரம்பித்து நீளமாகப் போகும் ஒரு பெயரின் சுருக்கம் அது.

பீரங்கியும் டாங்கியுமாகத் திரிகிறவர்களுக்குப் புல் எதற்கு?

டெக்சாஸில் ஃபோர்ட் ஹூட் என்று ஒரு ராணுவத் தளம். இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல். டாங்கி ஓட்டிப் பழகுகிற இடம். டாங்கி என்ன டவுன் பஸ்ஸா? நாலு தடவை போய்வந்தால் மண் பெயர்ந்துவிடும். அடுத்த மழைக்கு அரித்துக்கொண்டு ஓடும். முன்பென்றால் ராணுவத்தை யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் 1970ல் அமலுக்கு வந்த சுற்றுச்சூழல் சட்டம் கேட்டது. பெரிய காரியம் எதையும் ஆரம்பிக்கும் முன்னால் மண்ணுக்கும் தண்ணீருக்கும் என்ன ஆகும் என்று எழுதிக் காட்டு என்றது.

எழுதிக் காட்ட மேப் வேண்டும். ஒன்றல்ல. மண் மேப், சரிவு மேப், மரம் செடிகொடி மேப் என்று எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். இல்லினாய் மாநிலத்தின் ஷாம்பெயின் நகரில் ராணுவத்தின் கட்டுமான ஆய்வுக்கூடம் ஒன்று இருந்தது. சுருக்கமாக செர்ல். 1982ல் அங்கிருந்தவர்கள் தாங்களே ப்ரோகிராம் எழுத உட்கார்ந்தார்கள்.

விஷயம் எளிமையானதுதான். நிலத்தைக் கணக்கு நோட்டுமாதிரி கட்டம் கட்டமாகப் பிரிக்கிறார்கள். மண் மேப்பில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எண். சரிவு மேப்பில் அதே கட்டத்துக்கு வேறோர் எண். மேப்புகளை அடுக்கிக் கூட்டிக் கழித்தால், ‘இந்தப் பக்கம் டாங்கி ஓட்டாதே’ என்று பதில் வரும். பி.காம். படித்த எனக்கே புரிகிறது.

அமெரிக்காவில் மத்திய அரசு ஊழியர்கள் வேலைக்காக எழுதும் எதற்கும் அங்கே காப்புரிமை கிடையாது. எனவே கேட்டவர்களுக்கெல்லாம் கிராஸைக் கொடுத்தார்கள். மூல நிரலோடு சேர்த்து! நாசா வாங்கிக்கொண்டது. தேசியப் பூங்காக்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். பல்கலைக்கழகங்கள் வாங்கி, தங்கள் பங்குக்கு எழுதிச் சேர்த்தன.

1992ல் இந்தக் கூட்டம் ‘ஓப்பன் கிராஸ் ஃபவுண்டேஷன்’ என்று ஓர் அமைப்பையும் கண்டது. அங்கேதான் கதை இரண்டாகப் பிரிகிறது. ஒரே சாஃப்ட்வேரைத் திறந்து வைத்தால் போதாது, ஆளுக்கொரு சாஃப்ட்வேர் வைத்திருந்தாலும் ஒன்றோடொன்று பேச வேண்டும் என்று தோன்றியது அவர்களுக்கு. 1994ல் அமைப்பே உருமாறியது. அப்போது வைத்த பெயர் ‘ஓப்பன் ஜிஐஎஸ் கன்சார்டியம்’. எட்டு உறுப்பினர்கள். பெயரில் புல் இல்லை!

பெயரிலிருந்து மட்டுமா போயிற்று? தொண்ணூறுகளின் நடுவில் செர்ல் கிராஸையே தலைமுழுகியது. அதற்குள் சந்தையில் தனியார் சரக்குகள் வந்துவிட்டன. விலைக்கே கிடைக்கும்போது நாம் எதற்குச் செலவழித்து வளர்க்க வேண்டும் என்று கணக்குப் போட்டிருப்பார்கள். தப்பென்று சொல்லமாட்டேன். ஆனால் பாலன்ஸ் ஷீட்டில் எழுதியவன் சம்பளம் தெரியும். அதைப் பழகிக்கொண்டவன் வருஷக்கணக்கில் போட்ட உழைப்பு தெரியாது. கிராஸை நம்பி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர்கள் திடீரென்று அநாதைகள்.

முதலில் டெக்சாஸின் பேலர் பல்கலைக்கழகம் கைகொடுத்தது. பிறகு வந்தவர்தான் முக்கியம். ஜெர்மனியின் ஹனோவர் பல்கலைக்கழகத்தில் புவியியல் மாணவர், மார்கஸ் நெட்டெலர். அமெரிக்க ராணுவத்துக்கும் அவருக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. அவருக்கு கிராஸ் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். உலகம் முழுக்கச் சிதறிக் கிடந்த திருத்தங்களை ஒன்றுசேர்த்து, லட்சக்கணக்கான வரிகளைப் பழுதுபார்க்கிற கூட்டத்துக்கு அவர் மேஸ்திரி ஆனார்.

1999 அக்டோபரில் அவர்கள் எடுத்த முடிவு, என் பார்வையில், இந்தக் கதையின் உயிர்நாடி. அதுவரை கிராஸ் புறம்போக்கு நிலம். யாரும் நுழையலாம், எடுத்ததைத் தன் சரக்கோடு சேர்த்து வேலி போட்டும் விற்கலாம். இனிமேல் ஜிபிஎல் உரிமம் என்றார்கள். எடுத்துக்கொள், மாற்று, விற்கக்கூடச் செய். ஆனால் மாற்றியதை அடுத்தவனுக்குக் கொடுத்தால், மூல நிரலோடு அதே உரிமையில்தான் கொடுக்க வேண்டும். இலவசமாகக் கிடைத்ததற்கு நிபந்தனையா என்று உங்களுக்குக் கோபம் வரலாம். நிபந்தனையே இல்லாததால்தானே ஒருத்தர் கைவிட்டதும் அது நடுத்தெருவுக்கு வந்தது? செர்ல் மூடினால் செர்லோடு போச்சு என்ற நிலை அதற்கப்புறம் இல்லை.

2002ல் இத்தாலியின் ட்ரென்டோ, 2004ல் பாங்காக் என்று ஊர் ஊராகக் கூடினார்கள். 2006 பிப்ரவரியில் சிகாகோவில், இதேபோன்ற வேறு சில திறந்த சாஃப்ட்வேர்காரர்களோடு சேர்ந்து ‘ஓஎஸ்ஜியோ’ என்ற அறக்கட்டளை பிறந்தது.

பெயர் மாற்றிக்கொண்டு போன அந்த இன்னொரு கிளை? அதுவும் சும்மா இருக்கவில்லை. 2000ல் ‘வெப் மேப் சர்வீஸ்’ என்ற விதிமுறையை வெளியிட்டது. இந்தச் செவ்வகத்துக்குள் இருக்கிற நிலத்தை இந்த அளவுப் படமாகக் கொடு என்று எப்படிக் கேட்பது, எப்படிப் பதில் சொல்வது, அவ்வளவுதான் விதி. எந்த பாங்க் செக்கையும் இன்னொரு பாங்க் வாங்கிக்கொள்கிறதே, கிளியரிங் ஹவுஸ் புண்ணியத்தில்? அதே சங்கதி. ஓஎஸ்ஜியோ ஆட்கள் ஓசியில் கொடுக்கிற சாஃப்ட்வேரும், லட்ச ரூபாய் சாஃப்ட்வேரும் இந்த விதியால் ஒன்றிடம் ஒன்று மேப் வாங்குகின்றன.

கிராஸின் எட்டாவது பதிப்பு 2022ல் வந்தது. சரிவைக் கணக்கிடும் அதன் ப்ரோகிராமைத் திறந்தால், தலைப்பில் எழுதியவர்களின் பெயர்கள் இருக்கும். முதலில் இருப்பவை ஷாம்பெயின்காரர்களுடையவை. பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள், செர்ல். அடுத்து நெட்டெலர். அதற்குக் கீழே இன்னும் சில பெயர்கள்.