மருத்துவிச்சியும் பதிவேடும்

பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறவி என்று நம் பாட்டிமார் சொல்வதுண்டு. அது அழகுக்காகச் சொன்ன சொல் அன்று. பெற்றவள் பிழைப்பாளோ மாட்டாளோ என்று வீடே கலங்கி நின்ற காலத்தின் அநுபவம். அந்தக் கலக்கத்தை ஓர் ஏழை நாடு எவ்வாறு தணித்தது என்பதை, இலங்கையின் வரலாற்றைக் கொண்டு இன்று கூற விரும்புகிறேன். இதற்கு நான் நாடும் சான்று கல்வெட்டும் அன்று, செப்பேடும் அன்று. பிறப்பு இறப்புப் பதிவேடு.

இலங்கையில் 1867ஆம் ஆண்டிலேயே பிறப்பு இறப்புகளைப் பதிவு செய்யச் சட்டம் பிறந்தது. அதன் பயனாக நாம் அறியும் செய்தி கொடியது. 1930களில், 1,00,000 குழந்தைகள் பிறந்தால் 2,000க்கு மேற்பட்ட தாய்மார் மாண்டனர். ஐம்பது பேற்றுக்கு ஓர் உயிர்ப்பலி! 1934-35இல் மலேரியாக் கொள்ளைநோய் தீவைச் சூறையாடிற்று. மலேரியா கருவுற்றவளுக்குச் சோகையை உண்டாக்கும். சோகை பிடித்த உடல் உதிரப்போக்கைத் தாங்காது. குழந்தையும் எடை குறைந்து பிறக்கும். 1935இல் பிறந்த குழந்தைகளுள் ஆயிரத்துக்கு 263 வீதம் ஓராண்டு நிறையுமுன் மடிந்தன.

மருத்துவமனையே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். கொழும்பில் டி சொய்சா பிரசவ மருத்துவமனை 1879லேயே திறக்கப்பட்டது. ஆனால் தொலைதூரக் கிராமத்தில் நள்ளிரவில் வலி கண்டவளுக்குத் தலைநகரத்து மருத்துவமனை எவ்வாறு உதவும்? இதற்கு விடையாக அமைந்தது, 1926இல் களுத்துறையில் தொடங்கிய முதல் சுகாதாரப் பிரிவு. இம்முறை பரவியபோது, பயிற்சி பெற்ற மருத்துவிச்சி தன் பொறுப்பிலுள்ள கிராமங்களில் வீடு வீடாகச் சென்றாள். கருவுற்றவர்களின் பெயரைக் குறித்தாள். கழுவிய கையோடும் கொதிநீரில் இட்ட கத்தரிக்கோலோடும் பேறு பார்த்தாள். ஆபத்தின் குறி கண்டால் மருத்துவமனைக்கு அனுப்பினாள்.

1931இல் ஆண் பெண் இருபாலார்க்கும் வாக்குரிமை கிடைத்தது. வாக்குக் கேட்டு வந்தவர்களிடம் மக்கள் பள்ளியும் மருத்துவமனையும் கேட்டனர். உலகப் போர் முடிந்தபின், 1946 முதல் டி.டி.டி. தெளித்து மலேரியாவை ஒடுக்கினர்; பெனிசிலினும் இரத்தம் ஏற்றும் முறையும் துணைக்கு வந்தன. 1946இல் ஆயிரத்துக்கு 141ஆக இருந்த குழந்தை மரணம், மறு ஆண்டே 101 ஆயிற்று. 1947க்கும் 1950க்கும் இடையில் தாய்மார் மரண விகிதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

இதை மருந்தின் வெற்றி என்று மட்டும் நான் கொள்ளேன். மருந்து வருமுன்பே அதைக் கொண்டு சேர்க்கும் மருத்துவிச்சி கிராமத்தில் இருந்தாள். அவள் அனுப்பியவர்களைக் கட்டணமின்றி ஏற்கும் மருத்துவமனை இருந்தது.

ஆயினும் வரலாறு கூறுவோன் நிழலையும் காட்டவேண்டும். மலையகத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த தமிழ்த் தாய்மார் இந்த நன்மையில் நெடுங்காலம் பின்தங்கி நின்றனர். அவர்களுடைய மருத்துவம் தோட்ட நிர்வாகங்களின் கையில் இருந்தது. நாட்டின் சராசரி உயர்ந்தபோது, அந்தச் சராசரிக்குள்ளே அவர்கள் துயரம் மறைந்து கிடந்தது.

பிற்காலத்தில் பேறுகால மரணம் ஒவ்வொன்றையும் தனித்தனியே ஆராயும் முறை இலங்கையில் வேரூன்றிற்று. உதவி எந்த இடத்தில் தவறிற்று என்பதே அந்த ஆராய்ச்சியின் கேள்வி. 2010ஐ அடுத்த ஆண்டுகளில், 1,00,000 பிறப்புக்கு 40 என்ற அளவுக்கும் கீழே அம்மரணம் இறங்கிற்று.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2023இல் உலகெங்கும் ஏறத்தாழ 2,60,000 பெண்கள் கருவுற்ற காலத்திலும் பேற்றையொட்டியும் மாண்டனர். அவர்களுள் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குறைந்த வருவாய், கீழ்நடுத்தர வருவாய் நாடுகளைச் சேர்ந்தவர்கள். உதிரப்போக்கு, தொற்று, இரத்தக் கொதிப்பு ஆகிய முதன்மைக் காரணங்களுக்கெல்லாம் மருத்துவம் உண்டு. அறிவு இல்லாமையால் அவர்கள் இறக்கவில்லை. அந்த அறிவு அவர்கள் வாசலுக்குச் சென்று சேராமையால் இறந்தனர்.

மாணவ நண்பர்களே! உங்களுள் சிலர் மருத்துவராவீர்கள். சிலர் ஆட்சிப் பொறுப்பு ஏற்பீர்கள். சராசரி குறைந்துவிட்டது என்று ஓர் அறிக்கை உங்கள் முன் வரும்போது, இதில் விடுபட்டுப்போனவள் எந்தக் கிராமத்தில், எந்தத் தோட்டத்தில் இருக்கிறாள் என்று கேளுங்கள். அந்தக் கேள்வி எழுகின்ற இடத்திலேதான் அடுத்த மருத்துவிச்சியின் பணி தொடங்குகிறது.